பெரியவரைத் திட்டாத நாட்கள்

கடிகாரம் என்பது அவருடைய இயற்பெயரன்று. ஆயினும் இருபத்தொரு ஆண்டுகளாக அப்பூங்காவில் அவரை வேறு பெயரால் அழைத்தவர் எவருமிலர். பாதுகாக்கப்பட்ட அம்மலைப் பள்ளத்தாக்கில், இரண்டாவது பாலத்துக்கும் அப்பால், பார்வையாளர் அடியெடுத்து வைக்கலாகாத பகுதியில் நிற்கும் மேல்குடிலின் காவலர் அவர். வாரக்கணக்கில் மனித முகம் காணாவிடினும் நாள்தோறும் காலையில் முகம் மழித்துக்கொள்வார், காலணிக்கு மெருகேற்றுவார், மாலை நான்கு மணிக்கு, ஒரு நிமிடமும் முன்பின் ஆகாமல், கம்பித் தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றுவார். அடிவாரத்து வாசல் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் பெண், அவர் சொல்லும் அன்றைய செய்தியைக் கேட்டு எழுதிக்கொள்வாள். பனி உருகத் தொடங்கிய மாதத்தின் இருபத்தொன்றாம் நாள் மாலையில் மேலேயிருந்து அவரும் கீழேயிருந்து அவளும் பேசிக்கொண்டது இது.

கீழே: …ஆங், இப்ப கேக்குது. கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே.

மேலே: சத்தமா பேசினா காதைத் தள்ளி வெச்சுப்ப. போன வாரம் அதுக்குத்தானே கோவிச்சுக்கிட்ட?

கீழே: கோவிச்சுக்கல. காது கிழியுதுன்னேன். ரெண்டும் வேற வேற.

மேலே: சரி, எழுதிக்க. குறைஞ்ச வெப்பம் ரெண்டு. கூடின வெப்பம் பதினொண்ணு. மழை—

கீழே: இருங்க, இருங்க. பேனா உதறினாத்தான் எழுதுது… ம்ம். ரெண்டு, பதினொண்ணு.

மேலே: மழை இல்ல. காத்து மேற்குல இருந்து. ஏரிக்கரையில பனி முக்கால்வாசி கரைஞ்சிடுச்சு. ரெண்டாவது பாலத்துக்கு மேல, பாதை நடுவுல ஒரு பாறாங்கல் உருண்டு வந்து உக்காந்திருக்கு. என்னால நகத்த முடியல. நகரணும்னு அதுக்கும் எண்ணம் இருக்கற மாதிரி தெரியல.

கீழே: "நகர எண்ணமில்லை"ன்னு குறிப்புக் கட்டத்துல எழுதவா?

மேலே: எழுதேன். ரேஞ்சர் படிச்சுட்டு உத்தரவு போடட்டும்.

கீழே: சாப்பிட்டீங்களா?

மேலே: ஆச்சு. நீ?

கீழே: ஆச்சுன்னு வெச்சுக்குங்க.

மேலே: வெச்சுக்கறதா? அடுப்பைப் பத்த வெச்சியா இல்லையா, அதைச் சொல்லு.

கீழே: ஒரு ஆளுக்கு எதுக்குண்ணே ரெண்டு வேளை அடுப்பு… காலையில பண்ணதே இருந்துச்சு. அதை விடுங்க. இன்னைக்கு வாசலுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேளுங்க.

மேலே: எத்தனை பேர்?

கீழே: மூணு. ஒரு புருஷன் பொண்டாட்டி. அவருக்கு அருவி பார்த்தே ஆகணும். அந்தம்மா காரை விட்டு இறங்க மாட்டேன்னுட்டாங்க. தனியா போனார். முதல் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், அரை மணியில திரும்பி வந்து எல்லாத்தையும் பார்த்துட்டேன்னார். அந்தம்மா கண்ணாடியை இறக்கி எங்கிட்டக் கேட்டாங்க, மேல அப்படி என்னதான் இருக்குன்னு. ஆறு, காடு, பாறை, ஏரி, ஒரு ஆள்னு சொன்னேன். ஒத்தை ஆளா, பைத்தியம் பிடிச்சிருக்குமேன்னாங்க.

மேலே: நீ என்ன சொன்ன?

கீழே: இதுவரைக்கும் தகவல் இல்லைன்னேன்.

மேலே: ம்ம்… நல்லா சொன்ன. பொறுப்பான பதில். ஆமா, மூணு பேர்னியே? மூணாவது யாரு?

கீழே: அது… சொல்றேன். முதல்ல பெரியவர் சேதியைச் சொல்லுங்க. கட்டம் காலியா இருக்கு.

மேலே: பெரியவர் நலம். "கண்டது"ன்னு போட்டுக்க.

கீழே: எங்க பார்த்தீங்க?

மேலே: ஏரிக்கு மேற்கால சரிவுல.

கீழே: எத்தனை மணிக்கு?

மேலே: ஆறரை… ஏழு இருக்கும். என்ன தங்கச்சி, இன்னைக்கு விசாரணையெல்லாம் பலமா இருக்கு?

கீழே: என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?

மேலே: ஒரு கலைமான் என்ன பண்ணும்? பேப்பரா படிக்கும்? மேய்ஞ்சுக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மேய்ஞ்சார். எழுதிட்டியா?

கீழே: …

மேலே: லைன் இருக்கா?

கீழே: இருக்கு.

மேலே: அப்ப பேசு. ஒரு நிமிஷம் நீ சும்மா இருந்தா எனக்குக் கம்பி அறுந்துபோன மாதிரி பக்குனு இருக்கு.

கீழே: மூணாவதா வந்தவங்க தலைமை அலுவலகத்துல இருந்து வந்திருக்காங்க. மான்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற அம்மாவாம். குட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு… அதட்டாம பேசறாங்க. வந்ததும் பதிவேட்டைக் கேட்டாங்க. ரேஞ்சர் குடுன்னார், குடுத்தேன். முதல்ல நின்னுக்கிட்டே படிச்சாங்க. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து படிச்சாங்க.

மேலே: படிக்கட்டும். உன் கையெழுத்துக்கு என்ன, அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

கீழே: கையெழுத்து நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. சொல்லிட்டு மூணு வரியில மூணு விரலை வெச்சுக்கிட்டு ரேஞ்சரைக் கூப்பிட்டாங்க. எட்டாம் தேதி, வலக்கொம்பு விழுந்ததுன்னு இருக்கு. ஒன்பதாம் தேதி, இடக்கொம்பும் விழுந்ததுன்னு இருக்கு.

மேலே: ஆமா, நான்தான் சொன்னேன். பனி உருகற மாசத்துல உதிர்த்துடுவாங்க. வருஷா வருஷம் நடக்கறதுதானே. இதுல என்ன?

கீழே: இதுல ஒண்ணும் இல்ல. இன்னொரு வரியிலதான்… "காலை வெயிலில் கொம்பு மினுங்க நின்றார்"னு இருக்கு. ஒன்பதாம் தேதி மொட்டையா நின்னவருக்கு அஞ்சு நாள்ல எப்படி மினுங்கற கொம்பு முளைச்சதுன்னு கேட்டாங்க. ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் சுவத்தைப் பார்த்தேன்.

மேலே: கொம்பு மினுங்கினதா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே. மொட்டைத் தலைன்னுதானே சொல்லிக்கிட்டு வரேன். மொட்டை, இல்லேன்னா ரெண்டு பக்கமும் சின்ன முளை. நீ தப்பா காதுல வாங்கியிருப்ப. எந்தத் தேதி அது?

கீழே: பதினாலு.

மேலே: பதினாலு… பதினாலாம் தேதி ஏது பேச்சு? மரம் சாய்ஞ்சு கம்பி அறுந்து கிடந்துச்சே. பன்னெண்டுல இருந்து பதினஞ்சு வரைக்கும் நாலு நாள். நான் கைப்பிடியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு வெச்சேனே.

கீழே: ஆமா. நானும் இந்தப் பக்கம் எடுத்து எடுத்துப் பார்த்துட்டு வெச்சேன்.

மேலே: அப்ப அந்த நாலு நாளும் கட்டத்துல என்ன எழுதின?

கீழே: "கண்டது"ன்னு எழுதினேன்.

மேலே: …நீயாவா?

கீழே: நானாத்தான். வெறும் "கண்டது"ன்னு மூணு நாள் எழுதினேன். பதினாலாம் தேதி மட்டும் ஒரு வரி சேர்த்தா நம்பற மாதிரி இருக்குமேன்னு தோணுச்சு. சேர்த்துட்டேன். கொம்பு விழுந்ததை நானே எழுதியிருக்கேன், ஞாபகம் வரலை. நான் அவரை நேர்ல பார்த்ததே இல்லையேண்ணே. எனக்குத் தெரிஞ்ச பெரியவர் இந்தச் சுவத்துல மாட்டியிருக்கற படம்தான். படத்துல கொம்போடதான் நிக்கறார்.

மேலே: தகவல் இல்லைன்னு எழுதிட்டுப் போயிருக்கலாமே. கம்பி அறுந்துபோச்சு, யார் என்ன கேக்கப்போறாங்க?

கீழே: ஒரு நாள் தகவல் இல்லைன்னு எழுதினா மறுநாள் காலையில மேல ஆள் போகணும். சட்டத்துல இருக்கு.

மேலே: போகட்டுமே. எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பார்க்கத்தானே வருவாங்க? வந்தா ஒரு டீ போட்டுக் குடுத்திருப்பேன். மனுஷ முகம் பார்த்து நாளாச்சு.

கீழே: வந்தவங்க உங்களை மட்டுமா பார்ப்பாங்க?

மேலே: வேற எதைப் பார்ப்பாங்க?

கீழே: வேற எதைப் பார்க்க மாட்டாங்கன்னு கேளுங்க.

மேலே: காத்து அதிகமா இருக்கு இங்க. கதவைச் சாத்திட்டு வரேன்.

கீழே: கதவு சாத்தித்தான் இருக்கு. காத்து சத்தம் கேக்கல. எங்கேயும் போகாதீங்க.

மேலே: உனக்கு… எப்ப தெரியும்?

கீழே: எட்டாம் தேதி சந்தேகம். பத்தாம் தேதி நிச்சயம்.

மேலே: எப்படி? நான் ஒரு வார்த்தைகூடப் பிசகாம சொன்னேனே. இன்ன மாசத்துக்கு இன்ன கோலம்னு கணக்கா யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன். கொம்பைக்கூட ஒரே நாள்ல விழ வைக்கல. ஒரு நாள் விட்டு மறுநாள் விழ வெச்சேன்.

கீழே: அதெல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. திட்டறதைத்தான் விட்டுட்டீங்க.

மேலே: என்ன?

கீழே: எத்தனை வருஷமா கேக்கறேன். பெரியவரைத் திட்டாம நீங்க ஒரு நாள் செய்தி சொன்னதில்ல. காயப்போட்ட சட்டையோட கையை மென்னுட்டார்னு ஒரு வாரம் திட்டினீங்க. உப்புக்கட்டியை ஓடையில உருட்டி விட்டார், அறிவு இருக்கான்னு கேட்டீங்க. மழையில ஏன் நனையறார், அவருக்கு என்ன இளமை திரும்புதான்னு எங்கிட்டக் கேட்டீங்க, என்னமோ நான் அவர் தங்கச்சி மாதிரி. இந்த மாசம் மூணாம் தேதியில இருந்து ஒரு திட்டு இல்ல. "நலம், மேய்ஞ்சார், நின்னார்." அவ்வளவு மரியாதையா நீங்க அவரைப் பத்திப் பேசினதே இல்ல. போய்ச் சேர்ந்தவங்களைத்தான் யாரும் திட்டறதில்ல. எங்க கிடந்தார்?

மேலே: ஓடை வளையற இடத்துல. பெரிய பாறைக்குக் கீழ. மூணாம் தேதி காலையில சரிவுல காணோம். சரி, சோம்பேறி, தூங்கறார்னு நினைச்சேன். பத்து மணி வரைக்கும் பார்த்தேன். அப்புறம் பைனாகுலரை எடுத்துக்கிட்டுப் போனேன். தூரத்துல இருந்து பார்த்தப்போ முன்னங்காலை மடிச்சுப் படுத்திருந்துச்சு, அசை போடற மாதிரி. பக்கத்துல போனதும்… முதுகுல பனி கரையாம இருந்துச்சு. உசிரோட இருக்கற மிருகத்தோட முதுகுல பனி நிக்காது தங்கச்சி. உடம்புச் சூட்டுல உருகிடும்.

கீழே: ம்ம்.

மேலே: கிட்டவே உக்காந்துட்டேன். காக்கா வந்துச்சு. கல்லை விட்டு எறிஞ்சு விரட்டினேன். மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் விரட்டினேன். மத்தியானம் வரைக்கும் இதே வேலை. அப்புறம் தோணுச்சு, இருபத்தொரு வருஷமா வாசல்ல வர்றவங்களுக்கெல்லாம் நாம என்ன சொல்லிக்கிட்டிருக்கோம்? இந்தப் பள்ளத்தாக்குல எதையும் தொடக்கூடாது, எதையும் மாத்தக்கூடாது, செத்தது செத்த இடத்துலயே கிடக்கணும், மத்தது வந்து தின்னுக்கும். காக்காவும் இந்தப் பூங்காவுல இருக்கறதுதானே? எழுந்து வந்துட்டேன். திரும்பிப் பார்க்கல.

கீழே: அன்னைக்கு நாலு மணிக்கு என்கிட்ட எல்லாம் சாதாரணமாத்தானே பேசினீங்க.

மேலே: சொல்லிடணும்னுதான் போனை எடுத்தேன். மத்த நாள்ல நீ வெப்பத்தைத்தான் முதல்ல கேப்ப. அன்னைக்கு என்னமோ எடுத்ததும் பெரியவர் எப்படி இருக்கார்னு கேட்டுட்ட. நலம்னு வாய் சொல்லிடுச்சு. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்குங்கறது பழகிப்போச்சு.

கீழே: உத்தரவு என் தலைக்கு மேலயே ஒட்டியிருக்கு. தினமும் படிக்கறேன். "இப்பள்ளத்தாக்கின் கடைசிக் கலைமான் உயிருடன் காணப்படும் வரை மேல்குடில் இயங்கும்." அவர் போயிட்டார்னா குடிலைப் பூட்டிடுவாங்க. உங்களை இறக்கிடுவாங்க.

மேலே: தெரியும்.

கீழே: அதுக்காகத்தான் மறைச்சீங்களா? கீழ வந்தா என்னண்ணே? மகன்தான் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரே. மாடியில தனி அறை, கிழக்குப் பார்த்த ஜன்னல், மருமக உங்களுக்குன்னு மெத்தைகூடப் புதுசா போட்டு வெச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

மேலே: சொன்னேன்… இருபத்தொரு வருஷம் இந்த ஓடைச் சத்தத்துலயே இருந்துட்டு வீட்டுக்குள்ள போய் எப்படி இருக்கறது? அதை விடு. நான் மறைச்சதுக்காவது ஒரு காரணம் இருக்கு. நீ எதுக்கு மறைச்ச? உனக்கு என்ன நஷ்டம்?

கீழே: குடிலைப் பூட்டினா கம்பியைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க. இந்த மேசையில போன் இருக்காது.

மேலே: இல்லாட்டிப் போகுது. உனக்கு ஒரு வேலை மிச்சம்.

கீழே: மூணே முக்காலுக்குத் தலை வாரிக்கறேண்ணே, தினமும். போன்ல தலை தெரியாதுன்னு எனக்கும் தெரியும். கண்ணாடி முன்னாடி நின்னு வாரிக்கிட்டு வந்து உக்காருவேன். எங்க வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போன பிறகு வேற எதுக்காகவும் நான் தலை வாரினதில்ல. போதுமா?

மேலே: …

கீழே: இப்ப நீங்க பேசுங்க. நீங்க சும்மா இருந்தா எனக்கும் பக்குனுதான் இருக்கு.

மேலே: அந்த ஆராய்ச்சி அம்மா என்ன சொன்னாங்க கடைசியா?

கீழே: காலையில ஆறு மணிக்குக் கிளம்பறாங்க. ரேஞ்சரும் கூட வரார். பெரியவரை நேர்ல பார்க்கணுமாம். மேல போன் பண்ணி முன்னாடியே சொல்ல வேண்டாம்னு ரேஞ்சர் சொல்லிட்டுத்தான் போனார். சொல்லிட்டேன்.

மேலே: சொல்லியிருக்கக்கூடாது நீ.

கீழே: எழுதியிருக்கவும் கூடாது. ஒண்ணு பண்ணலாமா? இன்னைக்குக் காலையிலதான் இறந்து கிடந்தார்னு இப்ப எழுதிடறேன். பதினாலாம் தேதி வரி என் காதுக் கோளாறுன்னு சொல்லிடறேன்.

மேலே: மூணு வாரமா காக்கா தின்ன எலும்பைப் பார்த்து, இன்னைக்குக் காலையிலன்னு நம்பறதுக்கு அவங்க என்ன அருவி பார்க்க வந்த ஆளா? கண்டுபிடிச்சா உன் வேலை போகும். ஒவ்வொரு வரிக்கும் கீழ உன் கையெழுத்து இருக்கு, என்னுது இல்ல. …அந்த நாலு நாளும் நான் பாலம் வரைக்கும் நடந்து வந்து உங்கிட்டச் சொன்னேன்னு சொல்லிடறேன். மொத்தமும் என் தலையில விழட்டும்.

கீழே: வேண்டாம்.

மேலே: எனக்கு இனிமே என்ன பண்ணிடுவாங்க? உனக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் வேலை இருக்கு.

கீழே: வேண்டாம்ண்ணே. அந்தப் பாலத்துக்கு நான் போனதே இல்லைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். பதிவேட்டுல மொத்தம் பதினெட்டு பொய். பதினாலு உங்களுது, நாலு என்னுது. என் நாலை நான் சொல்லிக்கறேன். இப்பவே ரேஞ்சர் அறைக்குப் போய்ச் சொல்லிடறேன்.

மேலே: பதினெட்டா? இன்னைக்கோட பத்தொன்பதுல்ல?

கீழே: நீங்க சொன்னீங்க. நான் எழுதல. கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு.

மேலே: …நல்ல வேளை.

கீழே: என்ன எழுதட்டும்?

மேலே: இரு. சொல்றேன்.

கீழே: அதுக்குள்ள உங்க மகனோட நம்பரைக் குடுங்க. ராத்திரியே பேசிடறேன். நீங்க சாமான் செட்டோட பஸ்ஸுல அலைய வேண்டாம், வாசலுக்கே வண்டி கொண்டு வரட்டும். …அண்ணே? எழுதிக்கறேன், சொல்லுங்க.

மேலே: நம்பர் இல்லம்மா. அவன் என்னைக் கூப்பிட்டதே இல்ல. மாடி அறை, ஜன்னல், மெத்தை எல்லாம் உங்கிட்டப் பேசிப் பேசி நானே கட்டினது. அவன் இப்ப எந்த ஊர்ல இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. கட்டத்துல "இல்லை"ன்னு எழுது. காலையில நான் ரெண்டாவது பாலத்துல நிக்கறேன். அந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் அவர் கிடக்கற இடத்தைக் காட்டிட்டு, குடிலைப் பூட்டிச் சாவியை ரேஞ்சர் கையில குடுத்துட்டு, அவங்களோடயே இறங்கிடறேன்.